திரையில் நட்சத்திரம், தாளில் தவறு: ஒரு கழித்தல் கணக்கின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாலையில் பிள்ளைகள் வந்து படித்துவிட்டுப் போகும் ஒரு சிறு மையத்தில் நடந்தது இது. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை 12 பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொண்டது இரண்டு பேர்: தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, அப்புறம் நான். அவரைப் பிள்ளைகள் டீச்சர் என்பார்கள், என்னை அக்கா என்பார்கள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும், கணக்குச் சொல்லித்தந்த அனுபவம் கிடையாது. அவருக்குக் கணக்கு கைவந்த கலை, கம்ப்யூட்டர் பக்கம் போனதில்லை. கீழே வரும் தவறுகளில் பாதி இந்த இடைவெளியில்தான் நடந்தன.

மையத்தில் 4 பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றில் பிள்ளைகளுக்கான ஒரு கணக்கு மென்பொருளைப் போட்டோம். அதில் இரண்டு பகுதிகள். ஒன்று விளையாட்டு: மேலே இருந்து கற்கள் விழும், ஒவ்வொரு கல்லிலும் 7 + 8 போல ஒரு கணக்கு இருக்கும், கல் தரையைத் தொடுவதற்குள் விடையைத் தட்ட வேண்டும். இன்னொன்று பயிற்சி: ஒரு கணக்கும் மூன்று விடைகளும் திரையில் வரும், சரியானதை அழுத்தினால் நட்சத்திரம். முதல் முறை தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. இரண்டாவது முறை சரியாக அழுத்தினாலும் கணக்கில் அது 'சரி' என்றே ஏறும். இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை.

இந்த ஆய்வு நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைப் பற்றியது. வயது 9. அமைதியானவள், வீட்டுப்பாடத்தைத் தவறாமல் முடிப்பவள். யாருக்கும் அவளைப் பற்றிக் கவலை இருந்ததில்லை.

முதல் ஆறு வாரங்கள்

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 20 நிமிடம் என்று பிரித்துக்கொண்டோம். வாரக் கடைசியில் மென்பொருள் தரும் பட்டியலை எடுத்துப் பார்ப்பேன். ஆறாவது வாரத்தில் அந்தச் சிறுமியின் பெயருக்கு எதிரே, 'இரண்டு இலக்கக் கழித்தல்' என்ற பிரிவில் 94 விழுக்காடு என்று இருந்தது. மையத்திலேயே அதுதான் அதிகம். அடுத்த நிலைக்கு அவளை ஏற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். அதற்கு முன் ஒருமுறை பலகையில் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் டீச்சர். அவர் அதைச் சந்தேகத்தில் சொல்லவில்லை. அவர் பழக்கம் அது.

பலகையில் நான்கு கணக்குகள். கடன் வாங்கத் தேவையில்லாத இரண்டையும் அவள் சரியாகப் போட்டாள். மற்ற இரண்டு 52 − 27, 91 − 46. முதலாவதற்கு 35 என்றும் இரண்டாவதற்கு 55 என்றும் எழுதினாள். வரவேண்டியது 25, 45.

முதல் முடிவு

இரண்டு விடையிலும் ஒன்றாம் இடம் சரி, பத்தாம் இடத்தில் மட்டும் ஒன்று கூடுதல். பார்த்ததும் எங்களுக்குத் தோன்றியது ஒன்றுதான்: பத்தாம் இடத்தில் கடன் வாங்குகிறாள், வாங்கியபின் அங்கே ஒன்றைக் குறைக்க மறந்துவிடுகிறாள். இது பிள்ளைகள் அடிக்கடி செய்வது. அதனால் நான் அவளோடு உட்கார்ந்து, கடன் வாங்கும்போது பத்தாம் இட எண்ணை அடித்துவிட்டு அதன் தலையில் ஒன்று குறைத்து எழுதச் சொல்லித்தந்தேன். 52 இல் 5ஐ அடி, மேலே 4 எழுது. 91 இல் 9ஐ அடி, மேலே 8 எழுது. அதே இரண்டு கணக்கையும் மறுபடி போடச் சொன்னேன். 25, 45. இரண்டும் சரி.

அடுத்த சில நாட்களும் இப்படியே போயின. திரையில் நட்சத்திரங்கள் குறையவில்லை. பிரச்சினை முடிந்துவிட்டது என்றே பதிவேட்டில் எழுதினேன்.

பத்தாவது நாள் டீச்சர் 63 − 27 போடச் சொன்னார். வரவேண்டியது 36. அவள் 6ஐ அழகாக அடித்தாள், மேலே 5 எழுதினாள், கீழே 34 என்று போட்டாள். இந்த முறை பத்தாம் இடம் சரி, ஒன்றாம் இடம் தவறு. எங்கள் விளக்கத்துக்கு அது பொருந்தவே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது

டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இது எப்படிப் போட்டே? எனக்குச் சொல்லிக் காட்டு" என்றார். சரியா தவறா என்று எதுவும் சொல்லவில்லை. அவள் விரலை 3க்கும் 7க்கும் நடுவில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "சின்னதுல இருந்து பெருசு போகாது டீச்சர். அதனால பெருசுல இருந்து சின்னதை எடுத்துட்டேன். ஏழுல மூணு போனா நாலு."

"அப்போ மேல ஆறை ஏன் அடிச்சே?"

"அக்கா அடிக்கச் சொன்னாங்க."

அவள் கடன் வாங்கியதே இல்லை. முதல் நாளிலிருந்தே ஒன்றாம் இடத்தில் எது பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டிருந்தாள். 52 − 27 இல் 7லிருந்து 2 போனால் 5. முறைப்படி கடன் வாங்கினாலும் 12லிருந்து 7 போனால் அதே 5 தான். 91 − 46 இலும் அப்படித்தான். மேலும் கீழும் உள்ள ஒன்றாம் இட எண்களுக்கு இடையே வித்தியாசம் 5 ஆக இருந்தால் தவறான வழியும் சரியான வழியும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். நாங்கள் யோசிக்காமல் பலகையில் போட்ட இரண்டு கணக்கும் அந்த வகை. அதன்மேல் நான் கற்றுக்கொடுத்த 'அடித்து எழுதுவது' சேர்ந்துகொண்டது. அவளுடைய தவறு அப்படியே இருக்க, விடை மட்டும் சரியாக வர ஆரம்பித்தது. அவள் என் பேச்சைக் கேட்டு அந்தச் சடங்கை ஒழுங்காகச் செய்தாள். நான் அதைப் புரிதல் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு இன்றும் உறுத்துவது இந்த இடம்தான்.

சரி, திரையில் அந்த 94 எப்படி வந்தது? அதையும் அவளிடமே கேட்டோம். மென்பொருளைத் திறந்து, போட்டுக் காட்டச் சொன்னோம். 52 − 27 வந்தது. கீழே 25, 79, 24 என்று மூன்று விடைகள். அவள் மனதுக்குள் போட்டது 35. அது அங்கே இல்லை. "79 கூட்டல் விடை, அது வராது. மீதி ரெண்டுல ஒண்ணை அழுத்துவேன். அது இல்லைன்னா இன்னொண்ணு." மூன்றில் ஒன்றைத் தள்ளிவிட்டால் மீதி இரண்டு, கையில் இருப்பதும் இரண்டு வாய்ப்பு. அப்புறம் தவறவே வழியில்லை. அவசரத்தில் 79ஐ அழுத்திய சில சமயங்கள்தான் அந்த விடுபட்ட 6 விழுக்காடு.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்பது வயதில் அது நல்ல யோசனைதான். கழித்தலைவிட நுட்பமான யோசனை. கேள்வியைத் தயாரித்தவர்கள் ஒரு பிள்ளை உண்மையில் எந்தத் தவறான விடைக்கு வந்து சேரும் என்று பார்க்காமல், சரியான விடைக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் எண்ணைப் போட்டிருந்தார்கள். 35 என்ற விடை திரையில் இருந்திருந்தால் அவள் அதைத்தான் அழுத்தியிருப்பாள். முதல் வாரத்திலேயே எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இது புதிய கதை இல்லை

வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்ததில், கணக்குக் கல்வியில் இது பழைய விஷயம் என்று தெரிந்தது. 1978 இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிள்ளைகளின் கழித்தல் தவறுகளை அலசி, அவற்றில் பலவும் கவனக்குறைவால் வருபவை அல்ல என்று காட்டினார்கள். பிள்ளை ஒரு விதியை வைத்திருக்கிறது, அந்த விதியை ஒழுங்காகவே பின்பற்றுகிறது, விதிதான் பிசகானது. 'பெரியதிலிருந்து சிறியதை எடு' என்பது அந்தப் பட்டியலில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. அவர்கள் 'பகி' என்று ஒரு நிரலும் எழுதினார்கள். அதில் கம்ப்யூட்டர் தவறாகக் கணக்குப் போடும் பிள்ளையாக நடிக்கும். என்ன தவறு என்று ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும். நம் மென்பொருள்கள் செய்வதற்கு நேர் எதிரான வேலை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த யோசனை எனக்குப் புதிதாகவே படுகிறது.

அதற்கும் முன்பே, 1973 இல், ஸ்டான்லி எர்ல்வாங்கர் 'பென்னி' என்ற 12 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருந்தார். அது கம்ப்யூட்டர் இல்லாத பாடத்திட்டம். பிள்ளை தானே தாளை முடிக்கும், விடைக்குறிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்த்தபின் அடுத்த நிலைக்குப் போகும். பென்னி அதில் நன்றாக முன்னேறிக்கொண்டிருந்த மாணவன். உட்காரவைத்துப் பேசியபோதுதான் தெரிந்தது, அவனைப் பொறுத்தவரை பத்தில் இரண்டைத் தசமத்தில் எழுதினால் 1.2. இரண்டையும் பத்தையும் கூட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்துவிடுவான். எங்கள் பிள்ளையின் 94ஐயும் பென்னியின் முன்னேற்றத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் விடை மட்டும்தான் சரிபார்க்கப்பட்டது, வழியை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது முடிவு

மறுநாள் டீச்சரும் நானும் பேசி முடிவெடுத்தோம். அவளுக்குத் திரையில் கழித்தல் மூன்று வாரத்துக்கு வேண்டாம். காரணம், அந்தப் பயிற்சி அவளுக்கு ஊகிக்கும் திறமையைத்தான் வளர்த்துக்கொண்டிருந்தது. கூட்டல் விளையாட்டை மட்டும் விட்டுவைத்தோம். மற்றவர்கள் விளையாடும்போது அவளைத் தள்ளி உட்கார வைத்தால் தண்டனை போல ஆகிவிடும்.

டீச்சர் பத்துப் பத்துக் குச்சியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இதுல இருந்து இருபத்தேழு குச்சி எனக்குக் குடு." அவள் முதலில் இரண்டு கட்டை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் ஏழு உதிரி வேண்டும், இருப்பதோ இரண்டு. அவள் கை உதிரிக் குச்சிகள் மேல் நின்றது. 'பெரியதிலிருந்து சிறியதை எடு' என்ற விதிக்கு இங்கே இடமே இல்லை. ஏழு குச்சி கையில் இருந்தால்தானே அதிலிருந்து இரண்டை எடுக்க! கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். டீச்சர் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லிவிடப் பார்த்தேன், கண்ணாலேயே அடக்கினார். கடைசியில் அவளே, "ஒரு கட்டை அவுக்கலாமா?" என்றாள்.

அந்த வாக்கியத்தைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். அன்றிலிருந்து 'கடன் வாங்குவது' என்று அவளிடம் சொல்லவில்லை, 'கட்டு அவிழ்ப்பது' என்றோம். கடன் என்ற சொல்லில் இன்னொரு சிக்கல் இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. வாங்கினால் திருப்பித் தர வேண்டுமே, எப்போது தருவது என்று இன்னொரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. 'சின்னதிலிருந்து பெரியது போகாது' என்று சொல்வதையும் டீச்சர் நிறுத்திவிட்டார். பல வருஷமாகத் தானும் வகுப்பில் அப்படித்தான் சொன்னதாகவும், அந்த வாக்கியமே பிள்ளையைத் திருப்பிக் கழிக்கத் தூண்டுகிறது என்று இப்போது படுவதாகவும் சொன்னார். 'இருக்கிறது போதாது, ஒரு கட்டை அவிழ்' என்று மாற்றிக்கொண்டார்.

குச்சியிலிருந்து தாளுக்குப் போக எட்டு நாள் ஆனது. இடையில் ஒரு வாரம் குச்சியும் தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கட்டை அவிழ்த்ததும் தாளில் அடிப்பாள், உதிரியில் சேர்த்ததும் 2க்கு முன்னால் 1 எழுதுவாள். முன்பு அடித்ததும் இப்போது அடிப்பதும் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் ஏன் அடித்தாய் என்று கேட்டால் இப்போது அவள் கட்டைக் காட்டினாள்.

கம்ப்யூட்டரை மறுபடி எப்படிச் சேர்த்தோம்

மென்பொருளைத் தூக்கிப் போடும் எண்ணம் எனக்கு வரவில்லை. அது எதைப் பதிவு செய்கிறது என்பதை மட்டும் மாற்ற நினைத்தேன். ஒரு விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) தயாரித்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை, ஒரு மாலையில் முடிந்தது. ஒரு நெடுவரிசையில் பெரிய எண், அடுத்ததில் சிறிய எண், மூன்றாவதில் பிள்ளை தட்டும் விடை. தெரிவுகள் கிடையாது. எனக்கு மட்டும் தெரியும்படி மறைத்து வைத்த மூன்று நெடுவரிசைகள்: சரியான விடை, பெரியதிலிருந்து சிறியதை எடுத்தால் வரும் விடை, கட்டை அவிழ்த்துவிட்டுப் பத்தாம் இடத்தில் குறைக்க மறந்தால் வரும் விடை. 63 − 27க்கு அவை முறையே 36, 44, 46. பிள்ளை 44 என்று தட்டினால் என்ன நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிடும்.

கணக்குகளைக் கம்ப்யூட்டரே இஷ்டத்துக்கு எடுக்கும், ஆனால் ஒன்றாம் இட வித்தியாசம் 5 ஆக இருப்பதைத் தள்ளிவிடும்படி வைத்தேன். 40 − 16 போல மேலே 0 வரும் கணக்குகளையும் முதலில் எடுத்துவிட்டேன். அங்கே '0லிருந்து 6 போனால் 6' என்று நினைக்கும் பிள்ளையும் பெரியதிலிருந்து சிறியதை எடுக்கும் பிள்ளையும் ஒரே 36க்கு வந்து நிற்பார்கள், பிரித்துப் பார்க்க முடியாது. பத்துக் கணக்கு முடிந்த பிறகுதான் சரி, தவறு தெரியும். பக்கத்தில் ஒரு நோட்டு: ஏதாவது ஒரு கணக்கை எப்படிப் போட்டாய் என்று எனக்கோ டீச்சருக்கோ சொல்ல வேண்டும், சொன்னதை அப்படியே அதில் எழுதிவைப்போம்.

விழும் கற்கள் விளையாட்டு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். நேரம் ஓடும்போது இந்தச் சிறுமி யோசிப்பதை விட்டுவிட்டு ஏதாவது ஓர் எண்ணைத் தட்டுவாள். அவளுக்கு வேகத்தை மிகக் குறைத்து வைத்தோம். அதே விளையாட்டு ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அருமையாக உதவியது. அவனுக்குப் பெருக்கல் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும், வாய்ப்பாடு மட்டும் நாக்கில் நிற்காது. 10 வரையிலான வாய்ப்பாட்டில் 100 பெருக்கல்கள். 7 × 8ம் 8 × 7ம் ஒன்றே என்று எடுத்தால் 55. அதில் 1, 2, 5, 10 சேர்ந்தவற்றை அவன் ஏற்கெனவே அறிவான். மீதி 21 தான். அந்த 21ஐ மட்டும் விளையாட்டில் போட்டோம். ஒரே மாதத்தில் கற்கள் அவன் தலைக்கு மேலேயே வெடித்தன. புரிந்ததை வேகப்படுத்த அந்த விளையாட்டு நல்லது. புரியாததைப் புரியவைக்க அதனால் முடியாது.

என்ன ஆனது

மூன்று வாரம் கழித்து விரிதாளில் அவள் முதல் முறை போட்ட பத்துக் கணக்கில் 7 சரி. தவறிய மூன்றில் இரண்டு பழைய வழி, ஒன்று சாதாரணக் கணக்குப் பிசகு. பழைய விதி ஒரேயடியாகப் போய்விடவில்லை. களைப்பாக இருக்கும் நாளிலும் கடைசி இரண்டு மூன்று கணக்கிலும் திரும்பி வந்தது. அதை நாங்கள் கண்டிக்கவில்லை. குச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னோம், அவ்வளவுதான். அதற்கடுத்த ஐந்தாவது வாரம் 20க்கு 19. அன்றைக்கே தாளில் போடச் சொன்னோம், தாளிலும் அதே. திரையும் தாளும் முதல்முறையாக ஒத்துப்போனது அன்றுதான்.

அவள் நோட்டில் இருக்கும் ஒரு வரி, 84 − 36க்கு: "நாலு பத்தாது, ஒரு கட்டு அவுத்தேன், பதினாலு ஆச்சு, ஆறு குடுத்தேன், எட்டு மிச்சம். கட்டு ஏழுதான் இருக்கு, மூணு குடுத்தேன், நாலு." 48.

மூன்று இலக்கத்துக்கு வந்ததும் புதிய தவறு ஒன்று முளைத்தது. 204 − 67க்கு 237 என்று எழுதினாள். நடுவில் உள்ள 0ஐ 9 ஆக்கினாள், ஆனால் நூறாம் இடத்திலிருந்து எதையும் எடுக்கவில்லை. இந்த முறை கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது, ஏனென்றால் முதலில் கேட்டோம். "பத்துக் கட்டே இல்லை, அதனால ஒன்பதுன்னு வெச்சேன்" என்றாள். ஒன்பது எங்கே இருந்து வந்தது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டிய நூறு குச்சிக் கட்டு இரண்டைச் செய்து அதிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறோம். இதை எழுதும்போது அது இன்னும் முடியவில்லை.

இனி என்ன மாற்றுவோம்

புதிதாக ஒரு பிள்ளை வந்தால் திரைக்கு முன்னால் உட்கார வைப்பதற்கு முன்பே, நான்கைந்து கணக்கை வாய்விட்டுப் போடச் சொல்லிக் கேட்போம். அந்தக் கணக்குகளை நாமே முதலில் தவறாகப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வெவ்வேறு தவறுகள் ஒரே விடையில் முடிந்தால் அந்தக் கணக்கு ஆய்வுக்கு உதவாது. இதை நான் முன்பே செய்திருந்தால் அந்தப் பத்து நாளும், அவளுக்கு நான் புகட்டிய அர்த்தமில்லாத 'அடித்தலும்' மிச்சமாகியிருக்கும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது இப்போது நாங்கள் முதலில் பார்ப்பது படங்களையோ நட்சத்திரங்களையோ அல்ல. பிள்ளை விடையைத் தானே தட்டுகிறதா, தெரிவுகளில் ஒன்றை அழுத்துகிறதா? இரண்டாவது முயற்சியை மென்பொருள் தனியாகக் காட்டுகிறதா? பிள்ளை கொடுத்த தவறான விடையை அப்படியே சேமிக்கிறதா, வெறும் 'தவறு' என்று மட்டும் போடுகிறதா? இவற்றில் மூன்றாவது இல்லாவிட்டால் அந்தப் பட்டியலை வைத்து யாரையும் அடுத்த நிலைக்கு ஏற்றுவதில்லை. விழுக்காட்டை மட்டும் வைத்துப் பெற்றோரிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டோம். நோட்டைத் திறந்து, பிள்ளை சொன்ன வாக்கியத்தைக் காட்டுகிறோம்.

ஒரு விஷயத்தில் டீச்சருக்கும் எனக்கும் இன்னும் கருத்து ஒன்றாகவில்லை. இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தலைத் திரையில் கொடுக்கவே வேண்டாம் என்பது அவர் எண்ணம். பக்கத்தில் ஒருவர் இருந்தால் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். நான்கு கம்ப்யூட்டருக்கும் பக்கத்தில் உட்கார நான்கு பேர் எங்கே என்று கேட்கிறார். அதனால் இப்போதைக்கு ஒரு நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டரை மட்டும் போடுகிறோம், ஆளுக்கு ஒன்றின் பக்கத்தில் உட்காருகிறோம்.

விரிதாளில் மறைவாக இன்னொரு நெடுவரிசை சேர்த்திருக்கிறேன்: 0ஐ 9 ஆக்கிவிட்டு நூறை அப்படியே விட்டால் வரும் விடை. 204 − 67க்கு நேரே அதில் 237 இருக்கிறது.